ஹிப்னாசிஸில் நினைவு தப்பாது

வணக்கம். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு பயாப்ஸி (பரிசோதனைக்குச் சிறு திசு) எடுக்கப் போகிறார்கள், பயமாக இருக்கிறது, ஹிப்னாசிஸ் (சொற்களால் மனதை ஒன்றில் ஆழ்த்தித் தளர்த்தும் முறை) உதவுமா, சுயநினைவு போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

நினைவு போகாது. கதையில் மூழ்கும்போது பக்கத்துச் சத்தம் காதில் விழுந்தும் மனதில் ஏறாது அல்லவா, அப்படித்தான். நடுவில் டாக்டரிடம் பேசலாம், நிறுத்தவும் சொல்லலாம்.

2000-இல் கதிரியக்க மருத்துவர் எல்விரா லாங் குழு, 241 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. அவர்களுக்கு நடந்தவை ரத்தக்குழாய், சிறுநீரகச் சிகிச்சைகள். வழக்கமான கவனிப்பில் நேரம் ஆக ஆக வலி கூடியது. ஹிப்னாசிஸ் பெற்றவர்களுக்கு ஏறவில்லை. மயக்க மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சிகிச்சை நேரம்கூட வழக்கமான கவனிப்பில் 78 நிமிடம், ஹிப்னாசிஸில் 61 நிமிடம்.

ஆனால் மரத்துப்போகும் ஊசியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இது அதற்குத் துணைதான், மாற்று இல்லை. முன்பு மனநலச் சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. "இப்போ சுருக்குன்னு வலிக்கும்" என்று எச்சரிப்பதே வலியைக் கூட்டும். அப்படிச் சொல்ல வேண்டாம் என்று நர்ஸிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஹிப்னாசிஸில் பயிற்சி பெற்றவர் அங்கே இல்லாவிட்டால், மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தை மனதில் சுற்றி வர இன்றே பழகுங்கள்.