இணைப்பில் எழுதும் சொல்

கேள்வி: ஒடியல் (பச்சையாகக் காயவைத்த பனங்கிழங்கு), புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்தது), பனங்கட்டி (பனைவெல்லம்) பற்றி என் இணையத்தளத்தில் ஆறு பக்கங்கள் எழுதினேன். கூகுள் தேடலில் வருவதில்லையே, அண்ணா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, ஆறையும் வாசித்தேன். கிழங்கை அவித்து, கீறி, வெயிலில் காயவைப்பதைக் கண்முன் நிறுத்தியிருக்கிறீர்கள். ஆனால் பக்கங்களை இணைக்கும் இடமெல்லாம் 'இங்கே அழுத்தவும்' என்றே இருக்கிறது. தேடுபொறிக்கு அது ஊமைச் சொல். கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் சேர்ஜி பிரினும் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, இணைப்பின் சொற்களை அது சுட்டும் பக்கத்தோடு சேர்த்துக் கணக்கில் எடுப்பதாக எழுதினார்கள். அந்த இடத்தில் 'புழுக்கொடியல் மா இடிக்கும் முறை' என்று முழுதாக எழுதுங்கள். மாங்குளத்திலிருந்து நெல் வகைகளைப் பற்றி எழுதத் தொடங்கியபோது நானும் இதே பிழையை விட்டேன். ஒடியல் பக்கத்தையும் புழுக்கொடியல் பக்கத்தையும் பனங்கிழங்குப் பக்கத்தோடு இணையுங்கள். இரண்டும் ஒரே கிழங்கின் பிள்ளைகள் அல்லவா? பனங்கட்டிப் பக்கத்தை முதலில் திருத்துங்கள். வேறெந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு இணைப்பே இல்லை.