முறையீட்டைப் பாட்டாக்குவது எப்படி?

கேள்வி: நான்கு ஆண்டுகள் என்னுடன் பழகியவர் வேறு திருமணத்துக்குச் சம்மதித்துவிட்டார். நெல்லையில் வேலை முடிந்ததும் செங்கோட்டை ரயிலில்தான் அவர் வருவார். அந்த வண்டிச் சத்தம் கேட்டால் இன்றும் என் கை தானாகக் கைப்பேசியைத் தேடுகிறது. ஆறுதலுக்காகப் பாட்டெழுதத் தொடங்கினேன். எழுதுவதெல்லாம் அவரைக் குறை சொல்வதாகவே முடிகிறது. மனம் ஆறிய பிறகுதான் எழுத வேண்டுமா? பிறர் முன் பாடலாமா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அன்புத் தங்கைக்கு, நீங்கள் அனுப்பிய மூன்று பாடல்களையும்விட, வண்டிச் சத்தத்துக்குக் கைப்பேசியைத் தேடும் கையைப் பற்றிய அந்த ஒரு வரியே என்னை அதிகம் கலங்கச் செய்தது. பாடல்களில் துரோகம், கண்ணீர், நெஞ்சம் என்னும் சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. எவருக்கும் பொருந்துகிற அச்சொற்களில் உங்கள் வீடும் இல்லை, ஊரும் இல்லை.

பல்லவி ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்ப வருவது. ‘ஏன் என்னை விட்டுப் போனாய்’ என்பது பல்லவியானால், மூன்றாம் முறை கேட்கும்போது அதில் புதிதாக எதுவும் இராது. ‘வண்டி வந்தாச்சா’ என்று வைத்துப் பாருங்கள். முதல் சரணத்தில் அது காத்திருப்பவளின் கேள்வி; இரண்டாவதில் கோபம்; மூன்றாவதில் அவளே பயணச்சீட்டு எடுத்துக்கொண்டு நடைமேடையில் நிற்கலாம். சொல் மாறாமல் சொல்பவள் மாறுகிறாள். ‘நான் தேறிவிட்டேன்’ என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

உங்கள் ஊர் வழியே ஓடும் தாமிரபரணியின் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில் அவதரித்த நம்மாழ்வார், ‘அஞ்சிறைய மடநாராய்’ எனத் தொடங்கும் திருவாய்மொழிப் பதிகத்தில் காதலியாகத் தம்மை வைத்துப் பாடும்போது, நாரை, குயில், அன்னம் என்று ஒவ்வொன்றாகத் தூது வேண்டி, வாடைக் காற்றையும் கேட்டு, பத்தாம் பாசுரத்தில் தம் நெஞ்சையே விளிக்கிறார். அது இறைவன் மேல் கொண்ட காதல்தான். ஆயினும் முறையீடு மெல்லத் தன்னை நோக்கித் திரும்பும் அந்த அமைப்பு உங்கள் பாட்டுக்கும் உதவும்.

மெட்டு தெரியாது என்று தயங்க வேண்டாம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தை வாய்விட்டுப் பாடினால், கழுகுமலைக்குக் காவடியெடுத்து நடப்பவர்களின் நடையே தாளமாக இருப்பதை உணர்வீர்கள். நடந்துகொண்டே தன்னானே என்று தத்தகாரம் போட்டுவிட்டு, அதன் பிறகு சொற்களை நிரப்புங்கள். எதுகைக்காக இல்லாத உணர்ச்சியை இழுத்து வராதீர்கள்.

மனம் ஆறும்வரை எழுதாமல் இருக்க வேண்டியதில்லை. இன்றைய வலியின் சின்னச் சின்ன விவரங்கள் நாளை மறந்துபோகும், ஆகவே நோட்டில் இப்போதே குறித்து வையுங்கள். அதே சமயம், பாட்டு வேண்டுமே என்பதற்காகக் காயத்தைக் கிளறிக்கொண்டும் இருக்காதீர்கள்.

பாடுவது பற்றி: காதலைப் பாடும் அகத்திணையில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’, அதாவது எவரையும் பெயர் சொல்லிச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. அவர் பெயரையும், வேலையையும், தெருவையும் நீக்கிவிடுங்கள், ரயில் இருக்கட்டும். அவருடைய திருமணப் பேச்சு ஊரில் அடங்கும்வரை நம்பிக்கையான ஒரு தோழியிடம் மட்டும் பாடுங்கள். பிறகு கோயில் கொடை விழாவிலோ நண்பர்கள் கூட்டத்திலோ தாராளமாகப் பாடலாம். மூன்றாம் சரணம் முடிந்ததும் தத்தகாரத்தோடு எனக்கு அனுப்புங்கள்.