பாலும் கோரையும்: புனித பிரிஜித் திருநாள், உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அயர்லாந்துப் பண்டிகை என்றாலே எல்லோரும் மார்ச் 17, பாட்ரிக் திருநாளைத்தான் சொல்வார்கள். அதற்கு ஆறு வாரம் முன்னதாக, பிப்ரவரி 1 அன்று, அயர்லாந்தின் பெண் புனிதரான பிரிஜித் பெயரில் வரும் திருநாள்மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம். பிரிஜித் மடம் கட்டிய கில்டேர் ஊரில் 12 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

என் மகன் டப்ளினில் வேலை பார்க்கிறான். லீவு திங்கட்கிழமை என்கிறான், நீங்கள் பிப்ரவரி 1 என்கிறீர்கள். எது சரி? (திருச்சி)

இரண்டும் சரிதான். திருநாள் பிப்ரவரி 1. அரசு விடுமுறை பிப்ரவரியின் முதல் திங்கள். 1-ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தால் மட்டும் அன்றைக்கே விடுமுறை. இது 2023-இல்தான் தொடங்கியது. அயர்லாந்தில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதல் பொது விடுமுறை இதுதான்.

அக்கா, இவர் புனிதரா, பழைய தெய்வமா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே. (யாழ்ப்பாணம்)

தங்கச்சி, இந்த ஊரிலேயே இதற்கு இரண்டு கட்சி உண்டு. ஏறத்தாழ கி.பி. 900-ஐ ஒட்டி, காஷல் நாட்டு அரசரும் ஆயருமான கோர்மக் பெயரில் ஒரு சொல்லகராதி எழுந்தது. அதில் பிரிஜித் என்பவள் தாக்தா என்ற தெய்வத்தின் மகள், புலவர்கள் வணங்கிய தெய்வம் என்றிருக்கிறது. அதே பெயரில் இரண்டு சகோதரிகள். ஒருத்தி மருத்துவத்துக்கு, இன்னொருத்தி கொல்லர் தொழிலுக்கு. புனிதர் பிரிஜித்தோ 5-ஆம் நூற்றாண்டின் நடுவில் டண்டாக் நகருக்கு அருகே ஃபாகர்ட்டில் பிறந்து, 524-ஐ ஒட்டி கில்டேரில் இறந்தார் என்பது மரபு. அவர் வரலாற்றை 7-ஆம் நூற்றாண்டிலேயே கோகிடோசஸ் என்ற துறவி லத்தீனில் எழுதிவிட்டார்.

தெய்வத்தைப் பற்றிய எழுத்து புனிதரைப் பற்றிய எழுத்துக்குப் பிந்தியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதனால் "தெய்வத்துக்கு முக்காடு போட்டுப் புனிதராக்கிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடிப்பதை நான் ஏற்க மாட்டேன். அதேபோல, பழைய வழிபாட்டின் வாசனையே இல்லை என்பதையும் ஏற்க முடியாது. நான் பாலைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நாளைப் புரிந்துகொள்கிறேன். அடுத்த கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

பால் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். குளிர்கால நாளுக்கும் பாலுக்கும் என்ன தொடர்பு? (ஈரோடு)

மாடு வளர்க்கும் ஊர்க்காரர் கேட்டிருக்கிறீர்கள், உங்களுக்கு உடனே புரியும். குளிர்காலத்தில் மடி வற்றிவிடும். பிப்ரவரித் தொடக்கத்தில் செம்மறிகள் குட்டி போடத் தொடங்கும்போதுதான் வீட்டில் மறுபடி புதுப்பால். கிறித்தவத்துக்கு முன்பிருந்தே இந்த நாளுக்கு இருந்த பெயர் இம்போல்க். கோர்மக் அகராதி அதை 'ஆட்டுப்பால்' என்று பிரித்துப் பொருள் சொல்கிறது. இன்றைய மொழியியலாளர்கள் எல்லோரும் அதை ஒப்புவதில்லை; ஆனால் அன்றைய மக்கள் இந்த நாளை எதோடு சேர்த்து நினைத்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

பிரிஜித்தின் பிறப்புக் கதையைப் பாருங்கள். அம்மா ஓர் அடிமைப் பெண். அப்பா பிரபு. கர்ப்பிணியான அவளை ஒரு துரூயிது, அதாவது பழைய மதத்துப் பூசாரி, விலைக்கு வாங்கிவிடுகிறார். பொழுது விடியும் நேரம், கறந்த பாலோடு அவள் வாசற்படி ஏறுகிறாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அப்படியே குழந்தை பிறக்கிறது. கையிலிருந்த சூடான பாலிலேயே அதைக் குளிப்பாட்டுகிறார்கள். துரூயிதின் வீட்டுச் சாப்பாடு குழந்தைக்கு ஒவ்வாமல் வாந்தியெடுக்கவே, காது மட்டும் சிவந்த வெள்ளைப் பசுவின் பாலைக் கொடுத்து வளர்க்கிறார்கள்.

பழைய ஐரிஷ் சட்டத்தில் 'குமல்' என்று ஒரு விலை அளவு உண்டு. சொல்லுக்குப் பொருள் அடிமைப் பெண். மதிப்பு பெரும்பாலும் மூன்று கறவை மாடு. மாட்டுக் கணக்கில் விலை பேசப்பட்ட ஒருத்தியின் மகளைத்தான் மாடுகளுக்கும் பாலுக்கும் காவலாக ஊர் வைத்துக்கொண்டது. இந்தக் கதையில் என்னை மிகவும் தொட்ட இடம் அது.

போர்வை விரித்த கதையைச் சொல்லுங்கள், என் பேத்திக்குச் சொல்ல வேண்டும். (மதுரை)

மடம் கட்ட லெய்ன்ஸ்டர் அரசனிடம் நிலம் கேட்டார் பிரிஜித். அவன் மறுத்துவிட்டான். "என் போர்வை மூடுகிற அளவாவது கொடுங்கள்" என்றார். சின்னத் துணிதானே என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தான். நாலு பெண்கள் நாலு முனையைப் பிடித்துக்கொண்டு நாலு திசையிலும் ஓட, போர்வை விரிந்துகொண்டே போய்க் கரா சமவெளி முழுவதையும் மூடிவிட்டதாம். இன்று குதிரைப் பந்தயம் நடக்கிற, ஏறத்தாழ 5,000 ஏக்கர் புல்வெளி அது. இன்றும் அங்கே ஆடுகள் மேய்கின்றன.

பேத்திக்கு இன்னொன்றும் சொல்லுங்கள் அம்மா. மகளை விற்க அப்பா அரசனிடம் கூட்டிப்போகிறார். அவர் உள்ளே பேரம் பேச, வண்டியில் உட்கார்ந்திருந்த பிரிஜித்திடம் ஒரு தொழுநோயாளி பிச்சை கேட்கிறார். கையில் வேறொன்றும் இல்லை. அப்பாவின் விலையுயர்ந்த வாளை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்!

குளியல் தண்ணீரை பீராக்கினார் என்பது உண்மையா? (சிங்கப்பூர்)

அப்படித்தான் கதை. தாகத்தோடு வந்த தொழுநோயாளிகளுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாதபோது செய்தது என்று கோகிடோசஸ் எழுதியிருக்கிறார்.

அணையா நெருப்பு இன்னும் எரிகிறதா? (கோவை)

கில்டேர் மடத்தில் பிரிஜித் பெயரில் காத்துவந்த நெருப்பைத்தானே கேட்கிறீர்கள்? எரிகிறது, நடுவில் சில நூற்றாண்டுகள் அணைந்திருந்து. வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் என்ற பாதிரியார் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். 19 கன்னியர் ஆளுக்கு ஓர் இரவு நெருப்பைக் காப்பார்கள். இருபதாவது இரவு, பத்தொன்பதாமவர் விறகை வைத்து, "பிரிஜித், உன் நெருப்பை நீயே பார்த்துக்கொள், இது உன் முறை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். காலையில் விறகு எரிந்திருக்கும், நெருப்பு இருக்கும். வாயால் ஊதக்கூடாது, துருத்தியோ முறமோதான். சுற்றியிருந்த வேலியை ஆண்கள் தாண்டக்கூடாது. ஒரு வில்வீரன் தாண்டிக் குதித்து நெருப்பை ஊதினான், புத்தி பேதலித்தது. எதிரில் வந்தவர் வாயிலெல்லாம் ஊதி, "இப்படித்தான் பிரிஜித்தின் நெருப்பை ஊதினேன்" என்று அலைந்தானாம். கடைசியில் தாகம் தாங்காமல் தண்ணீர் குடித்துக் குடித்தே செத்தான்.

16-ஆம் நூற்றாண்டில் மடங்களை மூடியபோது நெருப்பும் போயிற்று. 1993-இல் பிரிஜிடைன் சகோதரிகள் என்ற கன்னியர் சபையினர் அதை மறுபடி ஏற்றினார்கள். 2006-இலிருந்து ஊர்ச் சதுக்கத்திலும் ஒரு சுடர் இருக்கிறது.

சென்னை வாசகர்களுக்கு ஒரு சேதி: இந்தப் பிரிஜிடைன் சபையை 1807-இல் டல்லோ ஊரில் தொடங்கிய ஆயர் டேனியல் டிலேனிதான் அடுத்த ஆண்டு பாட்ரிசியன் சகோதரர்கள் சபையையும் தொடங்கினார். அடையாறு செயின்ட் பாட்ரிக் பள்ளி அவர்களுடையது.

முந்தின நாள் இரவு வெளியே துணி போடுவார்களாமே? (நெல்லை)

ஜனவரி 31 இரவு பிரிஜித் வீடு வீடாகப் போகிறார் என்பது நம்பிக்கை. ஒரு துணியையோ நாடாவையோ ஜன்னலிலோ செடியிலோ போட்டுவைத்தால் தொட்டுவிட்டுப் போவார். அதற்கு 'பிராட் ப்ரீதா' என்று பெயர், பிரிஜித்தின் போர்வை. தலைவலிக்குக் கட்டிக்கொள்வார்கள். பிள்ளை பெறும் பெண்ணுக்கும், கன்று போடச் சிரமப்படும் பசுவுக்கும் அதே துணிதான். என் பக்கத்து வீட்டுப் பாட்டி இன்றும் ஒரு நீலத் துண்டைத் தோட்டத்து வேலியில் போடுகிறார். மருத்துவமனைக்குப் போகும்போது அது கைப்பையில் இருக்கும்.

வடக்கே சில வீடுகளில் ஒரு பெண் கோரைக் கட்டோடு வெளியே நின்று, "முழங்காலிடுங்கள், கண்ணைத் திறங்கள், பிரிஜித்தை உள்ளே விடுங்கள்" என்பாள். உள்ளே இருப்பவர்கள் "வரட்டும், வரட்டும்" என்று வரவேற்ற பிறகுதான் கதவு திறக்கும். தெற்கே கெர்ரியில் வைக்கோல் முகமூடி போட்டுக்கொண்டு பொம்மையோடு வீடு வீடாகப் பாடிப் போகிறவர்கள் 'பிடி பாய்ஸ்'.

என் மகள் வகுப்பில் பிரிஜித் சிலுவை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எப்படி? (கார்க் நகரிலிருந்து ஒரு அம்மா)

சாகும் தறுவாயில் இருந்த ஒரு தலைவனின் படுக்கையருகே, தரையில் பரப்பியிருந்த கோரையை எடுத்துப் பின்னியபடியே இயேசுவின் சிலுவைக் கதையைப் பிரிஜித் சொன்னார் என்பார்கள். ஈர நிலத்தில் வளரும், நம் கோரை போன்ற புல் அது. வெட்டாமல் பிடுங்க வேண்டும் என்பது பழைய வழக்கம்.

ஒன்றை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். இரண்டாவதை நடுவில் மடித்து, முதல் கோரையைச் சுற்றி வலப்பக்கம் நீட்டுங்கள். மொத்தத்தையும் இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். மூன்றாவதை மடித்து, மேலே நிற்பவற்றைச் சேர்த்துச் சுற்றி மறுபடி வலப்பக்கம். இப்படியே திருப்பித் திருப்பி மடித்தால் நடுவில் சதுரம் தானாக விழும். ஒரு கையால் நடுப்பகுதியை விடாமல் பிடித்திருக்க வேண்டும். குழந்தைகள் தவறவிடுவது அங்கேதான். முப்பது கோரை போதும். நாலு முனையையும் நூலால் கட்டி ஒழுங்காக நறுக்குங்கள். வாசலுக்கு மேலே மாட்டினால் வீடு தீப்பிடிக்காது என்பார்கள். பச்சையில் கட்டும்போதே நூலை நன்றாக இறுக்குங்கள்; காய்ந்ததும் கோரை மெலிந்து, கட்டு தளர்ந்துவிடும்.