தட்டில் மிஞ்சினால் மிஞ்சட்டும்

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு வயது, எடை 16 கிலோ. கைப்பேசியில் படம் ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். தயிர் சாதமும் பிஸ்கட்டும் தவிர எதையும் தொடுவதில்லை என்பதால், நாளைக்கு நான்கு தம்ளர் பாலில் சர்க்கரையும் சத்து பானப் பொடியும் கலந்து தருகிறோம். ஊட்டாமல் விட்டால் பிள்ளை இளைத்துவிடுவான் என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: நான்கு வயதுக்கு 16 கிலோ சராசரியான எடைதான். முதல் ஆண்டிலேயே பிறந்த எடையைப் போல் மூன்று மடங்காகிவிடும் குழந்தை, அதன்பின் ஆண்டுக்குச் சுமார் 2 கிலோதான் கூடும் என்பதால், பசியும் அதற்கேற்பக் குறைவது இயல்பு; அதைப் பிடிவாதம் என்று வீட்டார் எடுத்துக்கொள்ளும்போதுதான் சாப்பாட்டு வேளை சண்டை வேளையாகிறது.

உங்கள் மகன் பட்டினி கிடப்பதாகவும் தெரியவில்லை. 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,360 கலோரி தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கு. அதில் ஏறக்குறைய பாதியை அந்த நான்கு தம்ளர் பாலே தந்துவிடும், பிஸ்கட் தனி. பிறகு சோற்றுக்கு வயிற்றில் இடம் ஏது? தவிர, பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அளவுக்கு மீறிக் குடித்தால் மற்ற உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதும் குறைந்து, இரத்தசோகைக்கு வழிவகுக்கும். ஆகவே இரண்டு தம்ளர் வெறும் பால் போதும். பொடியை நிறுத்திவிடுங்கள். இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாமென்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. விளம்பரத்தில் துள்ளும் பிள்ளைகளுக்கு அது தெரியாது போலும்.

என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பவை உங்கள் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, மற்ற நேரத்தில் தண்ணீர் மட்டும். படம் பார்த்தபடி விழுங்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது என்பதால், வீட்டில் அனைவருடைய கைப்பேசியும் அந்த அரை மணி நேரம் வேறு அறையில் இருக்கட்டும். புதிய காயைப் பத்துப் பதினைந்து முறை கண்ட பிறகே சில பிள்ளைகள் சுவைத்துப் பார்ப்பார்கள். அதனால் தயிர் சாதத்தின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி கேரட் பொரியலோ அரைக்கீரை மசியலோ வையுங்கள், 'சாப்பிடு' என்று மட்டும் சொல்லாதீர்கள். மாமியாரின் கவலையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அவர் தம் கையால் பருப்புச் சோற்றைப் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கித் தட்டில் வைத்து, பக்கத்தில் அமர்ந்து தாமும் உண்ணட்டும்; எடுத்து உண்பது பேரனின் வேலை.

தொடக்கத்தில் சில நாட்கள் அவன் குறைவாகவே உண்பான். அப்போது மனமிரங்கி இரவு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பும். எடை குறைந்தாலோ, உதடும் கண்ணின் உட்பகுதியும் வெளிறியிருந்தாலோ குழந்தைநல மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், பள்ளி வாசல் கடையின் பாக்கெட் தீனிக்கு அடம்பிடிக்கிறாள். தடுக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதை எழுப்புங்கள். அதுவரை, பள்ளி விட்டதும் கொறிக்கப் பச்சைப்பயறு சுண்டலோ நறுக்கிய கொய்யாவோ கையோடு கொண்டு செல்லுங்கள்.