கணவரை இழந்த பெண்ணின் நிலப் பங்கைக் காக்க ஊர் மாதர் சங்கம் என்ன செய்ய முடியும்?

கேள்வி: தமிழ்நாட்டுக் கிராமம். கணவர் இறந்து சில நாள்தான் ஆகிறது. இரண்டு சின்னக் குழந்தைகள். கணவர் வீட்டார் நிலத்தில் பங்கில்லை என்கிறார்கள். சங்கம் எங்கிருந்து தொடங்குவது?

கையெழுத்திலிருந்து தொடங்குங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று தாளை நீட்டுவது வழக்கம். பல நேரம் அது விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதியது. வெள்ளைத்தாளில் வாங்கிய கைநாட்டால் நிலப் பங்கு போய்விடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானால்தான் செல்லும். பதிவாகிவிட்டால் ரத்து செய்ய உரிமையியல் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் அலைய வேண்டும். ஆகவே ஊர்வலம், மனு எல்லாம் பிறகு. சங்கத்தில் இரண்டு பேர் அந்தப் பெண்ணின் கூடவே இருங்கள். "தாலுகா ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கொழுந்தனார் வண்டியைக் கொண்டுவந்தால், அந்த இரண்டு பேரும் ஏற வேண்டும்.

அடுத்து, நிலம் யார் பேரில் இருக்கிறது? சிட்டா (நிலம் யார் பேரில் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவு), அ-பதிவேடு (ஊர் நிலங்களின் வருவாய்த் துறைப் பதிவேடு), வில்லங்கச் சான்று (நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) மூன்றையும் எடுத்துப் பார்த்த பிறகே உரிமை பற்றிப் பேசுங்கள்.

கணவர் பேரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, ஒவ்வொரு பிள்ளை, இறந்தவரின் தாய் எல்லோருக்கும் சம பங்கு. மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் நாலு பங்கு. 2 ஏக்கரில் மனைவிக்கு 50 சென்ட், பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50. மாமியாருக்கு உண்டு, மாமனாருக்குக் கிடையாது. இதை ஊரில் லேசில் நம்ப மாட்டார்கள். பிறகு மறுமணம் செய்தாலும் வந்த பங்கு போகாது. கிறிஸ்தவப் பெண்ணுக்கு, பிள்ளைகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. முஸ்லிம் பெண்ணுக்கு எட்டில் ஒரு பங்கு.

பூர்வீகச் சொத்தாக இருந்தால் முதலில் கணவருக்குரிய பாகத்தைக் கண்டுபிடித்து, அதைத்தான் இப்படிப் பிரிக்க வேண்டும். மாமனார் சொந்தமாகச் சம்பாதித்த நிலம், அவரும் உயிரோடு இருக்கிறார் என்றால் மருமகளுக்கு இன்றைக்குப் பங்கில்லை. சங்கங்கள் சறுக்குவது இங்கேதான். இல்லாத பங்குக்குச் சண்டை போட்டு, இருக்கிற உரிமையைக் கோட்டை விடுவார்கள். இருக்கிற உரிமை, குடியிருப்பது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி விதவை மருமகளை வாழ்ந்த வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது. 2022இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மகளிர் உதவி எண் 181ஐ அழைக்கலாம், மாவட்டச் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம்.

இனி காகிதம். வீட்டில் இறந்திருந்தால் 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும்; ஓராண்டைத் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. இறப்புச் சான்றிதழில் 'முருகன்', ஆதாரில் 'முருகேசன்' என்று இருந்தால் மேற்கொண்டு எல்லாமே நின்றுவிடும். அதனால் பெயர், இனிஷியல், தந்தை பெயரை வாங்கும்போதே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

பிறகு இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம். கோபத்தில் மாமியார் பெயரை விட்டுவிடாதீர்கள். ஆட்சேபணை வந்தால் சான்றிதழே ரத்தாகலாம். பெண் குழந்தையின் பெயரை "கட்டிக்கொடுத்துப் போறவதானே" என்று விடுவதும் நடக்கிறது. அதற்குச் சங்கமே துணைபோனால் கேவலம்.

சான்றிதழ் வந்ததும் நிலத்தைப் பிரிக்காமல், எல்லா வாரிசுகளின் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவில் பெயர் சேர்க்கக் கேளுங்கள். தனிப் பட்டாவுக்கு நில அளவர் வந்து அளக்க வேண்டும். பாகம் பிரியாமல் அது நகராது. கூட்டுப் பட்டா வந்தாலே பட்டாவில் பெயர் ஏறிவிடும். பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே கிடந்தால் தாத்தாவிலிருந்து ஒவ்வொரு தலைமுறைக்கும் இறப்பு, வாரிசுச் சான்றுகள் தேவைப்படும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாயால் கேட்டுவிட்டு வருவதில் பயனில்லை. மனு இரண்டு படி, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் நாளும், ஊர்க் கணக்குகளை வருவாய்த் துறை சரிபார்க்கும் வருடாந்தர ஜமாபந்தியும் இதற்கு நல்ல இடங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். 'மனு மீது எடுத்த நடவடிக்கை, கோப்பு இன்று யார் மேசையில்' என்று இரண்டே கேள்வி கேட்டால் போதும், கோப்பு தானாக நகரும்.

தாசில்தார் "கோர்ட்டுக்குப் போங்க" என்று விட்டால் வட்டச் சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள், எண் 15100. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு வக்கீல் இலவசம்; இதற்கு வருமானச் சான்று கேட்டால் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவைக் காட்டுங்கள்.

அசல் பத்திரங்களைச் சங்க அலமாரியில் வைக்காதீர்கள். நகல் உங்களிடம், அசல் அவரிடம் அல்லது அவர் நம்பும் தாய்வீட்டில். பங்கு பேசி முடிப்பதும், முடித்ததற்குப் பணம் வாங்குவதும் கட்டப் பஞ்சாயத்து. எதிர்த் தரப்பு அதை வைத்தே சங்கத்தின் மீது புகார் கொடுக்கும். சமரசம் வந்தால் பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதிப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். மைனர் பிள்ளைகளின் பங்கை நீதிமன்ற அனுமதியில்லாமல் தாயே கூட விற்க முடியாது என்பதையும் அப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள்.