மே 2024 சூரியப் புயல் வியாழனை எப்போது அடைந்தது?

கேள்வி: 2024 மே 10 இரவு லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்ததே, அந்தச் சூரியப் புயல் வியாழனுக்கு எப்போது போய்ச் சேர்ந்திருக்கும்? என் 8 அங்குலத் தொலைநோக்கியில் அதன் விளைவு தெரியுமா?

பதில்: நம்மைத் தாக்கிய பிளாஸ்மா மேகம் (சூரியன் வீசியெறிந்த மின்னூட்ட வாயு) வியாழன் இருந்த பக்கமே போகவில்லை. மே 18 அன்று வியாழன், நம் பார்வையில், சூரியனுக்குப் பின்னால் இருந்தது. அதாவது புயல் போனது நேர் எதிர்த்திசையில். ஆனால் அந்தப் புயலைக் கிளப்பிய அதே சூரியக் கரும்புள்ளிக் கூட்டம் (எண் 3664) சூரியச் சுழற்சியில் மறுபக்கம் போன பிறகு, மே 20-ல் எக்ஸ்12 அளவில் (எக்ஸ் என்பது மிக வலுவான வெடிப்பு வகை) வெடித்ததை சோலார் ஆர்பிட்டர் விண்கலம் பதிவு செய்தது. வியாழன் அந்தப் பக்கம்தான் இருந்தது. எனவே எந்தப் புயலானாலும் முதலில் திசையைப் பாருங்கள், தேதிக் கணக்கு அப்புறம்.

அந்தக் கணக்கு எளிது. வியாழன் சூரியனிலிருந்து சுமார் 78 கோடி கி.மீ. தொலைவில் உள்ளது. நொடிக்கு 500 கி.மீ. என்று வைத்தால் 18 நாள். சனிக்கு 33, யுரேனஸுக்கு 66, நெப்டியூனுக்கு 104 நாள். பூமியருகே அளந்த வேகத்தை அப்படியே போட்டால் கணக்கு தவறும். வேகமான மேகம் முன்னால் போகும் மெதுவான சூரியக் காற்றில் முட்டி வேகம் குறையும். பின்னால் வரும் மேகங்களும் அதோடு சேர்ந்துகொள்ளும். வியாழனுக்கே இரண்டொரு நாள் முன்பின் ஆகலாம். 2011 செப்டம்பர் நடுவில் கிளம்பிய புயல்களை இப்படிக் கணித்துத்தான் நவம்பரில் ஹபிள் தொலைநோக்கியை யுரேனஸ் பக்கம் திருப்பி, துருவ ஒளியைப் பிடித்தார்கள்.

வியாழனின் துருவ ஒளிக்குச் சூரியன் முக்கியக் காரணம் அல்ல. வியாழனின் ஐயோ (Io) என்ற நிலவின் எரிமலைகளிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய ஒரு டன் பொருள் காந்த மண்டலத்தில் சேர்கிறது. பத்து மணி நேரத்துக்கும் குறைவான சுழற்சி அதை இழுத்துச் சுற்றுகிறது. புயல் வந்தால் இந்த மண்டலம் நசுங்கும். 2011 அக்டோபரில் அப்படி நசுங்கியபோது எக்ஸ் கதிர் துருவ ஒளி எட்டு மடங்கு கூடியதை சந்திரா விண்தொலைநோக்கி கண்டது.

8 அங்குலத்தில் இதில் எதுவும் தெரியாது. இந்த ஒளி பெரும்பாலும் புற ஊதா, அகச்சிவப்பு, எக்ஸ் கதிர்களில்தான் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் சிறு பங்கு வியாழனின் இரவுப் பக்கத்தில் இருக்கிறது, அது நம் பக்கம் திரும்புவதே இல்லை.

ஆனால் வியாழன் எழுப்பும் ரேடியோ இரைச்சலைக் காதால் கேட்கலாம். 20.1 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிசீவர், மொத்தம் 7 மீட்டர் நீளமுள்ள டைபோல் ஆன்டெனா (நடுவில் பிரிந்த நேர்க் கம்பி), தரையிலிருந்து 3 முதல் 6 மீட்டர் உயரம். பகலில் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் தடுக்கும். நள்ளிரவு தாண்டி விடியலுக்குள், வியாழன் உயரத்தில் இருக்கும்போது கேளுங்கள். கரையில் அலை புரளுவதுபோல் ஏறி இறங்கும் இரைச்சல்தான் வியாழன். எல்இடி விளக்கு, மின்கம்பி இரைச்சல் இப்படி ஏறி இறங்காது, ஒரே சீராக வரும். கேட்ட நேரத்தில் ஐயோ எங்கே இருந்தது என்றும் குறித்து வையுங்கள். வலுவான ரேடியோ வெடிப்புகள் பெரும்பாலும் ஐயோவால் வருபவை, அவற்றைப் புயல் கணக்கில் எழுதிவிடக் கூடாது.