ரீகாவில் லீகோ இரவு: அடுக்குமாடி வீட்டில் எப்படிக் கொண்டாடுவது?

தம்பி, லாத்வியாவில் இது உங்களுக்கு முதல் கோடை. வாடகை வீட்டில் சின்னக் குழந்தையோடு லீகோ இரவைக் கொண்டாட முடியுமா, கிறிஸ்தவத்துக்கு முந்தைய சடங்கு என்கிறார்களே, வெளியாட்கள் நாம் செய்தால் தவறாக நினைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொண்டாடுங்கள். இங்குள்ளவர்கள் மகிழ்ந்துதான் போவார்கள்.

கோடையின் மிக நீண்ட பகலை ஒட்டிய சூரிய விழா இது. பிற்காலத்தில் திருமுழுக்கு யோவானின் பெயர் சேர்ந்து ஜூன் 23, 24 என்று நிலைத்தது. லூத்தரன், கத்தோலிக்கர், கோயில் வாசலையே மிதிக்காதவர் என எல்லோரும் கொண்டாடுகிறார்கள். 1959க்குப் பிறகு சோவியத் அதிகாரிகள் இதை ஒடுக்கியபோதும், வீடுகளிலும் பண்ணைகளிலும் மக்கள் விடாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். அதனால் வீட்டில் செய்வது ஏதோ குறைபட்ட கொண்டாட்டம் என்று நினைக்கவே வேண்டாம். விழாவைக் காப்பாற்றியதே வீடுகள்தான்.

22ஆம் தேதி பேராலயச் சதுக்கத்தில் நடக்கும் பச்சிலைச் சந்தைக்குக் குழந்தையோடு போங்கள். பெண்களுக்குப் பூமுடி, ஆண்களுக்கு ஓக் இலை முடி. வாசலில் கட்ட பிர்ச் கிளைகளும், தீயவை அண்டாமல் இருக்க ரோவன் கிளைகளும் வாங்குங்கள். பூங்கா மரங்களில் ஒடிக்காதீர்கள். வாள்போல் நீண்ட 'கல்மேஸ்' இலைக் கட்டும் அங்கே கிடைக்கும். ஒன்றைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்: நம் வீடுகளில் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் வசம்பின் செடிதான் அது. இங்கே வீட்டை அலங்கரிக்க அதன் இலையைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இந்த விழாவின் மணமே அதுதான்.

யாஞி என்பது 24ஆம் தேதி விழாவின் பெயர். அதற்கான பாலாடைக்கட்டியைக் கடையில் வாங்கலாம், ஆனால் வீட்டிலேயே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். பாலைக் கொதி வருவதற்குச் சற்று முன்புவரை சூடாக்கி, 'பியெஸ்பியென்ஸ்' என்ற பெயரில் விற்கும் உதிரித் தயிர்க்கட்டியைப் போட்டு மெல்லக் கிளறுங்கள். வெளிறிய மஞ்சள் நீர் பிரிந்ததும் வடித்துவிட்டு, வெண்ணெய், முட்டை, உப்பு, சீமைச் சீரகம் சேர்த்து, கட்டி திரண்டு பளபளப்பாகும்வரை இளஞ்சூட்டில் கிளற வேண்டும். ஈரத் துணியில் கொட்டி, முனைகளைச் சேர்த்து இறுக்கிக் கட்டி, மேலே பாரம் வையுங்கள். மறுநாள் துணியைப் பிரித்தால் முடிச்சு இருந்த இடத்திலிருந்து மடிப்புகள் கதிர்களாக ஓடியிருக்கும். உருண்டையான அந்தக் கட்டி சூரியனைக் குறிக்கிறது.

விழா இரவில் மூட்டும் நெருப்புதான் சிக்கல். பால்கனியில் மூட்டக் கூடாது. ரீகாவில் சூரியன் இரவு பத்தேகாலுக்கு மேல் மறைந்து, நாலரை மணி வாக்கில் எழுகிறது. அந்த இடைவெளியில் ஒளி அணையக் கூடாது என்பதுதான் முறை. கண்ணாடிக் கூட்டுக்குள் கனத்த மெழுகுவத்தி ஏற்றி, யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும். அன்று தூங்குபவர் கோடை முழுவதும் தூங்குவார் என்பார்கள். குழந்தைக்கு இந்த விதி வேண்டாம்.

பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாட்டில்லாமல் செய்தால் அது வெறும் அலங்காரமும் விருந்தும்தான். பெரும்பாலும் நான்கே அடிகள். ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் 'லீகோ, லீகோ' என்று சேர்ந்துகொள்வார்கள். மொழி தெரியாதவர்களும் அந்த இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் தொகுத்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நாட்டுப்பாடல்களின் பேழை இங்குள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது. யுனெஸ்கோ 2001இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஒருமுறை போய்ப் பாருங்கள்; இவர்கள் பாட்டை எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்பது புரியும். பக்கத்து வீட்டுப் பெரியவர்களை அழைத்து இரண்டு பாட்டு சொல்லித்தரக் கேளுங்கள்.

23, 24 இரண்டும் அரசு விடுமுறை, பாலும் முட்டையும் முன்னதாகவே வாங்கி வையுங்கள். நண்பர்களின் பண்ணைக்குக் காரில் போவதானால், ஓட்டுபவர் பீரைத் தொடவே கூடாது. மறுநாள் காலையிலும் போலீஸ் சோதனை இருக்கும்.